டயர் கடைக்கு அடுத்த வரி

என் அக்கா செய்த முதல் வெப் பேஜைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். அடக்கவில்லை. அவள் வீட்டு மேஜையில், அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து, குடித்த தண்ணீர் புரையேறும் அளவுக்குச் சிரித்தேன்.

மஞ்சள் பின்னணி, அதில் நீல எழுத்து, நடுநடுவே கொட்டை எழுத்தில் சிவப்பு வரிகள். தலைப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. பெரிதாகத் தெரிய வேண்டிய இடத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தாள். இடைவெளி வேண்டும் என்றால் வரியை உடைக்கும் குறியை வரிசையாக அடித்துத் தள்ளியிருந்தாள். போனில் திறந்தால் எழுத்துகள் திரைக்கு வெளியே ஓடின. ஒரு வரியைப் படித்து முடிக்க விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டியிருந்தது.

"சிரிச்சது போதும்டி. கம்ப்யூட்டர் கிளாஸ்ல இப்பத்தான சேர்ந்திருக்கேன். இது அழகுப் போட்டிக்கா போகுது? உங்க அத்தானுக்கு வழி சொன்னா போதும்," என்றாள் அக்கா.

அத்தான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். கண் நரம்பு கெட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை மங்கி, கடைசியில் முழுதாகவே போய்விட்டது. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவருக்கு இப்போதுதான் ஒரு வேலை அமைந்திருந்தது. வண்டி உதிரிபாகங்கள் விற்கும் கடையில் போனில் பதில் சொல்லும் வேலை. வண்டி எப்படிச் சத்தம் போடுகிறது என்று சொன்னாலே எது போயிருக்கிறது என்று அத்தான் சொல்லிவிடுவார். அது கடை மேலாளருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தனியாக வர வேண்டும், தனியாகப் போக வேண்டும், துணைக்கு அனுப்ப எங்களிடம் ஆள் இல்லை என்றார். அத்தானுக்கும் அதுதான் வேண்டும். "பொண்டாட்டி கையப் பிடிச்சுக்கிட்டுப் போனா அது வேலையா, பாலர் பள்ளியா?" என்று கேட்பார்.

அதற்காகத்தான் அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலிருந்து கடை வாசல் வரைக்கும் அக்கா பலமுறை நடந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு வரியாக எழுதியிருந்தாள். போனில் இருக்கும் பேசும் வசதி ஒரு வரியை வாசித்துவிட்டு நிற்கும். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்த வரியை வாசிக்கும். குரலைப் பதிவு செய்து கொடுத்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், இவர் நிற்கும் இடத்தில் அது நிற்காது என்று யோசித்துத்தான் அக்கா இதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். ‘ரொட்டி வாசனை வரும் வரைக்கும் நேரா போங்க.’ ‘டயர் கடையில காத்து அடிக்கிற சத்தம் கேக்கும்.’ இப்படிப் போயின வரிகள். நடுவில் வரும் சிவப்பு வரிகள் எச்சரிக்கைகள். ‘இங்க சைக்கிள் குறுக்க வரும்.’ ‘இங்க நடைபாதை சரிஞ்சிருக்கும்.’ முந்தின நாள் கடைசியாக ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து புதிதாக ஒன்றும் சேர்த்திருந்தாள். ‘டயர் கடையைத் தாண்டினதும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. மேல பலகை பாதிதான் இருக்கு. சுவரைத் தொட்டுக்கிட்டே போங்க.’

நாளை முதல் நாள் வேலை. "கொஞ்சம் பாத்து சரிபண்ணிக் குடுடி" என்று அக்கா கேட்டாள். பார்த்துச் சரிபண்ணுவதோடு நிறுத்திக்கொள்ளும் ஜாதி இல்லை நான். வெப் பேஜ் கட்டுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. என் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, பார்வையில்லாதவர்களும் பயன்படுத்தும்படி பக்கங்களை எப்படிச் செய்வது என்று வகுப்பு எடுப்பவள். அப்படிப்பட்டவளின் அக்கா மஞ்சளில் நீலம் அடித்து வைத்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இது தலைப்பு, இது வரிசைப் பட்டியல், இது பக்கக்குறிப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளுக்கு ஏற்ற குறியைப் போட்டேன். போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் தனித்தனித் தலைப்பு கொடுத்தேன். இனி அத்தான் ஒரே தள்ளில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். வழி என்பது ஒரு பட்டியல், அதன் நடுவே எச்சரிக்கைகள் வந்து குறுக்கிட்டால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று, சிவப்பு வரிகளை எல்லாம் பிடுங்கி ஒரே பக்கக்குறிப்புப் பெட்டிக்குள் போட்டேன். பிறகு திரையில் எது எங்கே தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்டைலை எழுதி, ஒவ்வொரு எச்சரிக்கையையும் அதற்குரிய வரியின் அருகில் கொண்டுவந்து நிறுத்தினேன். அகலத் திரையில் வலது பக்கம் நிற்கும், போனில் வரிக்கு நேர் கீழே வந்து உட்காரும். லேப்டாப்பில் பார்த்தேன், போனை நிமிர்த்திப் பார்த்தேன், படுக்க வைத்துப் பார்த்தேன். பிசகே இல்லை.

அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "நான் எழுதினதா இது?"

அத்தான் போனை வாங்கி, தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிப் பார்த்தார். முதல் ஓரிரு வரிகளைக் கேட்டார். "அடேயப்பா, இன்ஜினியரம்மா கை பட்டா தனிதான்," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது அக்கா அத்தானிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "ஒரு இடத்துல தோண்டிப் போட்டிருக்குங்க. எங்கன்னு போன் சொல்லும். கேட்டுக் கேட்டு நடங்க."

மறுநாள் காலையில் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிய புரோகிராம் கோடில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தானின் புருவத்தில் தையல். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. புதிதாகத் தேய்த்துப் போட்ட சட்டை முழுக்கச் சேறு. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் அடிபட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"குழி எங்கன்னு போன் சொல்லும்னு சொன்னல்ல? அதுக்காகக் காத்துக்கிட்டே நடந்தேன்," என்றார் அத்தான். "டயர் கடை சத்தம் வந்துச்சு. தள்ளினேன். வலது பக்கம் திரும்பி நேரா போங்கன்னுச்சு. சரி, குழி இன்னும் வரலன்னு திரும்பினேன். தடி பலகை மேல பட்டுச்சு. அடுத்த காலுக்குப் பலகை இல்ல."

"எழுதியிருக்கேங்க! கொட்டை எழுத்துல எழுதியிருக்கேன்!"

"எந்த எழுத்துல எழுதினா எனக்கென்ன? சொல்லல."

"பதட்டத்துல ரெண்டு தள்ளு தள்ளியிருப்பீங்க."

"நான் ஒண்ணும் பதட்டப்படல. நீ எழுத மறந்திருப்ப."

அக்கா போனைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நீயே பாருடி. இருக்கா இல்லையா?"

பார்த்தேன். டயர் கடை வரிக்கு நேர் கீழே, நான் பார்த்துப் பார்த்து வைத்த இடத்தில், அழகான கட்டத்துக்குள் குழி இருந்தது. "இருக்கு," என்றேன். அத்தான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் கைக்குக் கட்டுப் போடக் கூட்டிப்போனார்கள். அக்கா மருந்து வாங்கக் கீழே போனாள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, என் போனில் பேசும் வசதியைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்றால், என்னவோ உறுத்தியது. ரொட்டிக்கடை. தள்ளினேன். டயர் கடை. தள்ளினேன். வலது பக்கம் திரும்பி நேரா. தள்ளினேன். மூடின கடைகளின் இரும்புக் கதவு. தள்ளத் தள்ள வழி ஓடி, உதிரிபாகக் கடையின் வாசலில் போய் முடிந்தது. அதற்குப் பிறகு போன் ஒவ்வொன்றாகச் சொன்னது. இங்க சைக்கிள் குறுக்க வரும். இங்க நடைபாதை சரிஞ்சிருக்கும். டயர் கடையைத் தாண்டினதும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கம்மா," என்று ஒரு நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்டைல் என்பது கண்ணுக்கு மட்டும். எந்த வரியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், பேசும் வசதி அதைப் பார்க்காது. கோடில் எது முன்னால் இருக்கிறதோ அதை முன்னால் வாசிக்கும். கோடில் நான் எல்லா எச்சரிக்கையையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வழி முடிந்த பிறகு வைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாத சங்கதியா? வருஷா வருஷம் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற சங்கதி. பார்வையில்லாத ஒரு மனிதருக்காகச் செய்த பக்கத்தை முழுக்க முழுக்கக் கண்ணாலேயே சரிபார்த்துவிட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு போனவள் நான்.

முதலில் இதைச் சரிசெய்வோம், பிறகு சொல்லிக்கொள்வோம் என்று நினைத்தேன். நியாயமாகத்தான் தோன்றியது. பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அததன் வரிக்குப் பின்னால் சொருகி, இணையத்தில் ஏற்றிவிட்டேன். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. திரையில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில், அத்தான் இடது கையால் போனை எடுத்தார். நானும் அக்காவும் எதிரில் இருந்தோம். அவர் தள்ளிக்கொண்டே போனார். டயர் கடை வந்தது. தள்ளினார். ‘டயர் கடையைத் தாண்டினதும் குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க.’

அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் போய் இன்னொரு முறை கேட்டார்.

"பாத்தீங்களா?" என்றாள் அக்கா. ஜெயித்த குரல்தான் அது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியிலேயே இறங்கிவிட்டது.

"அப்ப சொல்லியிருக்கு," என்றார் அத்தான் மெதுவாக. "எனக்குத்தான் கேக்கல. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். காதும் போச்சு போல."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "அத்தான், காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

மேலாளர் நல்ல மனிதர். போனிலேயே சொன்னார், "கைக்கட்டோடயே வாங்க, பேசுறதுக்கு வாய் போதும். ஆனா தனியா வர முடியுமான்னு மட்டும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆள் பாக்கணும்." "பாக்கறேன் சார்," என்று அத்தான் போனை வைத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் தினமும் அக்கா வீட்டுக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன், ரொட்டி வாங்கிக்கொண்டு போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று படியேறுவேன். உள்ளே போனால் சொல்வதற்கு எப்போதும் ஏதோ ஒன்று தோதாக இருக்காது. அத்தான் தூங்கிக்கொண்டிருப்பார், இல்லை அக்கா குளித்துக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் இருந்தால், இரண்டு பேரும் இருக்கிறார்களே என்று தயங்குவேன். கோழை என்றால் வேறு எப்படி இருப்பாள்?

அத்தான் மாறிக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தால், "அடிச்சுதா, எனக்கு அப்படித் தோணுதா?" என்று அக்காவிடம் கேட்டார். தெருவில் போகும் வண்டியைச் சத்தத்தை வைத்தே என்ன வண்டி என்று சொல்லுகிறவர், இப்போது கேட்டால், "தெரியலம்மா" என்றார். காது டாக்டரிடம் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தார். காது ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறதாம். நான் சந்தோஷப்பட்டேன், மடச்சி. "காது நல்லா இருந்தும் கேக்கலன்னா, கோளாறு மண்டையில இருக்குன்னு அர்த்தம்," என்றார் அத்தான். அன்றைக்கு அவர் கழிவறைக்குப் போகக்கூட அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சமையலறையில் அக்கா என்னிடம் அழுதாள். அழும்போது அவள் சத்தம் போடமாட்டாள், பாத்திரம் கழுவிக்கொண்டே இருப்பாள்.

"நான் சண்டை போட்டிருக்கக் கூடாதுடி. ஆமாங்க, எழுத மறந்துட்டேன்னு ஒத்துக்கிட்டிருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? என்னைத் திட்டிட்டு மறுநாளே தடிய எடுத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பார். நான்தான் ஜெயிச்சே தீருவேன்னு நின்னேன்."

"அக்கா, நீ ஒண்ணும் பண்ணல," என்றேன்.

"உனக்கென்ன தெரியும்," என்று மூக்கை உறிஞ்சினாள். எனக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்போதும் நான் துண்டை எடுத்துப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை நானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, போனை மடியில் வைத்திருந்தார். அக்கா பக்கத்தில் நின்றாள்.

"என்னன்னு சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வேற ஆள் பாத்துக்கோங்கன்னுதான். நம்ப முடியாத காத வச்சுக்கிட்டு ரோட்டுல நடக்க முடியுமா? நாளைக்கு ஒரு பஸ் வர்றதும் கேக்கலன்னா?" என்றார். போனிடம் மேலாளரின் எண்ணைப் போடச் சொன்னார். அது மணியடிக்க ஆரம்பித்தது.

"அத்தான், வைங்க," என்றேன். "வைங்க அத்தான். அன்னைக்குப் போன் சொல்லவே இல்ல."

அவர் வைத்தார்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். சிவப்பு வரிகளைப் பிடுங்கியது, ஒரே மூட்டையாகக் கட்டியது, கண்ணுக்கு ஒரு வரிசையும் காதுக்கு ஒரு வரிசையுமாக ஆனது, ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்குத் தெரிந்துபோனது, சத்தமில்லாமல் மாற்றியது, அந்தச் சாயங்காலம் அவர் கேட்டது மாற்றின பக்கம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அழகுபடுத்தாமல் சொல்ல வேண்டும் என்று பார்த்தேன். அப்படியும் "அவசரத்துல" என்று ஒரு வார்த்தை நடுவில் வந்து விழுந்துவிட்டது. அவசரமே இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் அவள் சாமானை நான் உடைத்தால் கத்துவாள், முடியைப் பிடிப்பாள். இப்போது ஒன்றும் செய்யவில்லை. "திங்கக்கிழமையே தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியும்."

"நேத்து நான் அழுதப்பவும் தெரியும்."

"தெரியும்க்கா."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அத்தான் என் பக்கம் திரும்பி, "அந்தப் பழசு இருக்கா?" என்று கேட்டார். "நான் விழுந்த அன்னைக்கு இருந்தது?"

"இருக்கு அத்தான். எதையும் அழிக்க மாட்டேன்."

"அத ஏத்து. நான் கேக்கணும்."

"சும்மா எனக்காகச் சொல்றியோ என்னவோ," என்றும் சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டபோது எனக்கு அடி விழுந்தது போல இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வாரம் என் வாயிலிருந்து வந்த எதை அவர் நம்ப வேண்டும்?

லேப்டாப்பைத் திறந்து, கெட்டுப்போன அந்தப் பக்கத்தை மறுபடியும் ஏற்றினேன். அத்தான் போனைக் காதோடு வைத்துக்கொண்டார். ரொட்டிக்கடை. தள்ளினார். டயர் கடை. தள்ளினார். ‘வலது பக்கம் திரும்பி நேரா போங்க.’

அவர் பின்னால் போனார். டயர் கடை. தள்ளினார். ‘வலது பக்கம் திரும்பி நேரா போங்க.’ இன்னொரு முறை. அதற்குப் பிறகும் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அந்த வாரம் முழுக்க எதையோ தூக்கிச் சுமந்துகொண்டிருந்தார் என்பதே அது இறங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இதேதான்," என்றார். "இதேதான் கேட்டுச்சு. வார்த்தைக்கு வார்த்தை." கட்டுப் போடாத கையைக் காற்றில் நீட்டி அக்காவைத் தேடினார். "நீ மறக்கலம்மா. நீ மறந்துட்டன்னு சொன்னேன் பாரு."

"நீங்களும் சரியாத்தான் கேட்டிருக்கீங்க. பதட்டப்பட்டீங்கன்னு நான்தான் வாய்க்கு வந்தத பேசினேன்," என்று அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். தப்பே செய்யாத இரண்டு பேர்.

"அத்தான், என்னை மன்னிச்சிடுங்க," என்றேன் நான்.

"இரு. முதல்ல இவகிட்ட பேசி முடிச்சிடறேன்," என்றார்.

பேசி முடித்து, அவர் மேலாளருக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வர்றேன் சார். தனியாத்தான்," என்றார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "இல்ல சார், காதெல்லாம் கெட்டியா இருக்கு," என்று சிரித்தார்.

இனி நல்ல பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். நான் லேப்டாப்பின் பக்கம் கையைக் கொண்டுபோனேன்.

"நீ தொடாத," என்றாள் அக்கா. "எங்க இருக்குன்னு மட்டும் காட்டு. நான் பண்றேன்."

நான் சரிசெய்து வைத்திருந்த கோடும் அவளுக்கு வேண்டாமாம். கெட்டதிலிருந்தே ஆரம்பித்தாள். ஒவ்வொரு எச்சரிக்கையாக வெட்டி எடுத்து, அதன் வரிக்குக் கீழே ஒட்டினாள். ஒற்றை விரலால் தட்டினாள். ஒரு மூடும் குறியை விட்டுவிட்டாள், அவளே தேடிக் கண்டுபிடித்தாள். எனக்குக் கை துறுதுறுவென்றது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியை ஒட்டி ஏற்றியதும் அத்தான் தள்ளிக் கேட்பார், தலையாட்டுவார், அவள் அடுத்ததற்குப் போவாள். இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள்.

கடைசியாக ஒருமுறை அவர் பஸ்ஸிலிருந்து கடை வாசல் வரைக்கும் முழு வழியையும் கேட்டார். முடிந்ததும் போனை இறக்கி, "சரியா இருக்கா?" என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விக்கு அந்த வீட்டில் எப்போதும் நான்தான் பதில் சொல்வது. பழக்கத்தில் வாயெடுத்தேன்.

"உன்னைக் கேக்கலம்மா," என்றார் அத்தான், கோபமே இல்லாமல்.